மூன்று வான்டன் குறைகிறது

விளக்குமாறு பறந்து வந்து சமையற்கட்டு வாசலில் விழுந்தது. சாம்பல் நிறப் பூனை ஒரே தாவலில் மதிலேறி, அடுத்த வீட்டு ஓட்டின் மேல் போய் அமர்ந்துகொண்டது.

"நோன்பு மாசமும் அதுவுமா திருட வந்துட்டியா, களவாணி!" பாத்திமா பீவிக்கு மூச்சு வாங்கியது. "எண்ணிப் பாரு புள்ள, எத்தன போச்சுன்னு."

மர்ஜியா பாத்திரத்தின் மூடியைத் திறந்து எண்ணினாள். நாற்பது வான்டனைப் பொரித்து அடுக்கி, மூடிவிட்டுத்தான் அவள் அஸர் தொழப் போயிருந்தாள். இப்போது முப்பத்தேழுதான் இருந்தன.

"மூணு கொறையுதுங்க மாமி."

"மூணா! சம்பந்தி வூட்டுக்காரங்க எட்டுப் பேரு. ஆளுக்கு அஞ்சுன்னு இர்பானாகிட்ட போன்லயே சொல்லிட்டேனே!"

லப்பைக்குடிக்காட்டில் அந்த வீட்டின் மருமகளாக மர்ஜியா வைக்கும் முதல் நோன்பு அது. நாத்தனார் இர்பானாவை அரியலூரில் கட்டிக்கொடுத்த வீட்டார் அன்று மாலை நோன்பு திறக்க வருகிறார்கள். கஞ்சியும் வடையும் எல்லார் வீட்டிலும்தான் இருக்கும், நான் சீனத்து வான்டன் செய்து வைக்கிறேன் என்று தானாகவே வாய்விட்டு மாட்டிக்கொண்டவளும் அவள்தான்.

அன்று காலையிலேயே மைதாவைப் பிசைந்து, மறுபக்கம் தெரியுமளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, சதுரமாக வெட்டினாள். நடுவில் கோழிக்கறிக் கொத்தை வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு முக்கோணமாக மடித்து, இரண்டு முனைகளையும் இழுத்து ஒட்டினாள். நாற்பதை முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

"குளுருக்குக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்த சமோசா மாட்டம் இருக்கு" என்று மாமியார் சிரித்தபோதுகூட அவள் மனம் கோணவில்லை. அவள் கவலையெல்லாம் உப்பைப் பற்றித்தான்.

கறிக்கொத்தில் உப்பைப் போட்ட பிறகு சோயா சாஸையும் தாராளமாக ஊற்றிவிட்டாள். சோயா சாஸிலேயே உப்பு உண்டு என்பது, கடைசி வான்டனை எண்ணெயிலிருந்து எடுத்த பிறகே நினைவுக்கு வந்தது. வாயில் வைத்துப் பார்க்கலாமென்றால் வீட்டில் மூவருக்கும் நோன்பு.

ஒவ்வொரு நோன்புக்கும் அந்த வீட்டுக் கஞ்சிக்கு உப்புப் பார்த்துச் சொல்பவர் அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாள். மதிலுக்கு மேல் ஒரு கிண்ணத்தை நீட்டினால், "இன்னும் ஒரு சிட்டிகை போடுங்க பீவி" என்று பதில் வந்துவிடும். அன்று பார்த்து அவர் மகளைப் பார்க்க எறையூருக்குப் போயிருந்தார்.

"என்ன சத்தம் அங்க?" என்று கேட்டபடி, தஸ்பீஹ் மணியும் கையுமாக மாமனார் ஜமால் முகமது வந்து நின்றார். குவைத்தின் கோடை வெயிலில் வேலை பார்த்த காலத்திலும் ஒரு நோன்பை விடாதவர் என்று ஊரே அவரைச் சொல்லும்.

"இந்தப் பூனை மூணு வான்டனத் தின்னுட்டுப் போயிருச்சுங்க."

"வாயில்லா ஜீவன் மேல பழி போடாத பாத்திமா."

"பின்ன யாரு தின்னதாம்? நோன்பு புடிச்சிக்கிட்டு இருக்கற நாம தின்னமா?"

அவர் மணியை உருட்டலானார். எதையும் வளர்த்திப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. போன வாரம் பெரம்பலூரில் சர்க்கரை பார்த்துவிட்டு வந்தவரிடம், டாக்டர் என்ன சொன்னார் என்று வீட்டார் கேட்டதற்கும், "ஒண்ணுமில்ல, மாத்தர குடுத்தாரு" என்றதோடு முடித்துக்கொண்டவர் அவர்.

ஆறு மணிக்கெல்லாம் அரியலூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். "அண்ணி, வான்டன் எங்க? எங்க மாமியார் வழியெல்லாம் அதையே கேட்டுக்கிட்டு வராங்க" என்று இர்பானா சமையற்கட்டில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான், மர்ஜியாவின் கண்களில் நீர் முட்டிக்கொண்டது.

"மாமி, உப்பு ரெண்டு தடவ ஆயிப்போச்சோன்னு பயமா இருக்குங்க மாமி."

"இத இப்பதான் சொல்லுவியா?" பாத்திமா பீவி குரலைத் தாழ்த்திப் பல்லைக் கடித்தார். "காலைலேர்ந்து தண்ணிகூடக் குடிக்காதவங்க வாயில மொதல்ல உப்பையா வைக்கறது? நாளைக்கி என் பொண்ணதான் சொல்லிக் காட்டுவாங்க."

"என்னங்க மாமி செய்யறது?"

"கொட்டிடு. கடையில சமோசா வாங்கியாரச் சொல்றேன்."

மர்ஜியா பாத்திரத்தை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு குப்பைக்கூடையின் பக்கம் போனாள். காலை முழுவதும் மடித்த வான்டன்கள், மாமியார் சொன்னதைப் போலவே, கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தன. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணை இறுக மூடிப் பாத்திரத்தைச் சாய்த்தாள்.

"நில்லும்மா!"

சமையற்கட்டு வாசலில் ஜமால் முகமது நின்றிருந்தார். அவர் மனைவியைப் பார்த்தார், மருமகளின் அழுத முகத்தைப் பார்த்தார், ஓட்டின் மேலிருந்த பூனையையும் ஒருமுறை பார்த்தார். நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"கொட்டாதம்மா, உப்பு அளவாத்தான் இருக்கு."