மொட்டை மாடிக்கு மட்டும் மழை

"இன்னிக்கு எப்படி சார்?"

முதல் மாடி டிரைவர் அண்ணன் வாசலில் நின்று கேட்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"நல்ல மழை இருக்குண்ணே" என்றார் மூன்றாம் மாடி வானிலை சார். வானிலை அலுவலகத்தில் வேலை. அதனால் அந்தக் குடியிருப்பில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

நேற்றும் இதையேதான் சொன்னீர்கள், தெருவெல்லாம் காய்ந்து கிடக்கிறதே என்று அண்ணன் இழுத்தார். வானிலை சார் சளைக்கவில்லை. அது விடிகாலையில் பெய்கிற மழையாம். உயரத்தில் பெய்வதால் மொட்டை மாடி வரைக்கும்தான் வருமாம், அதற்குக் கீழே வருவதற்குள் ஆவியாகிவிடுமாம். அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பின்னாலேயே இறங்கி வந்த இரண்டாம் மாடித் தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக இந்தக் கூத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணனுக்கு இதய ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. லிப்ட் இல்லாத கட்டடம். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் ஒரு மாதத்துக்குப் படியேறவே கூடாது, ஏறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆனால் அண்ணனின் உயிர் மொட்டை மாடியில் இருந்தது. முப்பது தொட்டிகள். தக்காளி, மிளகாய், ரோஜா, எலுமிச்சை. மனைவிக்கு மூட்டுவலி, மாடிப்பக்கமே போக முடியாது. நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தையல்காரம்மா ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. செடிக்குத் தண்ணி விடறதும் கிளட்ச்சை விடறதும் ஒண்ணு. எல்லாருக்கும் பதம் வராது" என்று சொல்லிவிட்டார்.

வேறு யார் கேட்டாலும் அதே பதில். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஆறு படி ஏறி, மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி அழுத அழுகையில் மூன்று மாடியும் கூடிவிட்டது. அன்றைக்குத்தான் வானிலை சார் முதல் முறையாக மழை வரும் என்றார். மழை வருமென்றால் மேலே ஏற வேண்டாமே. அண்ணன் மழைக்கு மட்டும்தான் விட்டுக்கொடுத்தார்.

பதினைந்து நாளில் ஒரு சொட்டு விழவில்லை.

தையல்காரம்மா வாசல் கேட் அருகே வானிலை சாரை மடக்கினாள். நோயாளியிடம் விளையாட்டா, செடியெல்லாம் கருகிப்போனது தெரிந்தால் அந்த மனுஷன் தாங்குவாரா, ஒரே ஓட்டமாக மேலே ஏறிவிட மாட்டாரா என்று பொரிந்து தள்ளினாள். அவரோ, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

விடக்கூடாது என்று முடிவு கட்டினாள். மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்கு ஏறினாள். கருகிய செடி ஒன்றைப் பிடுங்கி வந்து நாலு பேர் முன்னால் அவரிடம் நீட்டுவதாகத் திட்டம்.

ஒரு செடிகூடக் கருகவில்லை. தக்காளி சிவந்திருந்தது.

வானிலை சார் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, தொட்டி தொட்டியாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் மக். அடியில் ஆணியால் துளை போட்டிருந்தது. தண்ணீர் பொடிப்பொடியாக, தூறல் மாதிரியே விழுந்தது. மாடிக் குழாய் எப்போதோ ரிப்பேர், எட்டு வாளித் தண்ணீரும் அவர் வீட்டிலிருந்து தூக்கி வந்தது.

அவளைப் பார்த்ததும் கையும் களவுமாக அகப்பட்டவர் போல விழித்தார்.

"நான் அந்த ஆபீஸ்ல லீவு செக்‌ஷன்மா. யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கின்னு கேட்டா சொல்லுவேன். மழையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அன்னிக்கு அவர் படியில உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாயில மழைன்னு வந்துடுச்சு. சொன்னப்புறம் பெய்ய வேண்டாமா?"

தையல்காரம்மாவுக்கு நேற்றுப் பேசியதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. காலி வாளியை எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள்.

இறங்கிப் பால் வாங்கப் போகும்போது அண்ணன் கதவருகே நின்றிருந்தார்.

"மாடிக்கா போயிருந்தீங்க? மழை பெஞ்சுதா?"

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பெஞ்சுதுண்ணே. நல்ல மழை."

அண்ணன் மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தினமும் ஆறரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்கு நிக்குதும்மா. மாடித் தண்ணி என் ஜன்னலோரக் குழாய்லதான் வடியுது, முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. தெரியும்னு சொன்னா அவர் கூச்சப்பட்டு நிறுத்திடுவார். நானும் வீம்புக்கு மேல ஏறிடுவேன். அதான் தலையாட்டிக்கிட்டிருக்கேன்."

அவள் மாடிப்படியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு உதவி பண்ணுங்க. நீங்களா சொல்ற மாதிரி அவர் காதுல போட்டுடுங்க. எலுமிச்சைக்கு இவ்வளவு மழை ஆகாது."