இரண்டு வெடி

பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்ததும் மாச்சய்யாவின் முகம் கோணிப்போனது. காபியா அது, வெல்லப் பாகு! போட்டதை மறந்துவிட்டு அவ்வா இன்னொரு தடவையும் வெல்லத்தை அள்ளிப் போட்டிருக்கிறாள். குடகில் எல்லாரையும் போல அவனுக்கும் அம்மா என்றால் அவ்வாதான்.

"தேச்சி போட்டா வாயில வைக்கலாம் மாமா. கட்டின பொண்டாட்டியை அடுப்புப் பக்கமே விட மாட்டேங்கறாங்க" என்று அலுத்துக்கொண்டான்.

"வயித்துப் புள்ளக்காரியை அடுப்புல வேகச் சொல்றியா? பேசாம குடிடா" என்றார் பக்கத்துத் தோட்டத்து நாணய்யா. காபிப்பழம் பறிக்க அவரும் ஒத்தாசைக்கு வந்திருந்தார்.

அப்போது கீழே எங்கோ 'டமார்' என்று ஒரு துப்பாக்கி வெடி.

"ஆம்பளைப் புள்ள!" நாணய்யா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "எவன் வீடோ, பன்றிக்கறி விருந்து நிச்சயம்."

அவர் நாக்கைச் சப்புக்கொட்டி முடிப்பதற்குள் இன்னொரு வெடி கேட்டது. இரண்டு பேர் முகமும் செத்துப்போயிற்று. குடகு வழக்கப்படி ஒரு வெடி என்றால் பையன் பிறந்திருக்கிறான். இரண்டு என்றால் வீட்டில் சாவு.

"மாச்சு... சத்தம் உங்க வீட்டுப் பக்கமிருந்துதானே வந்துது?"

போனை எடுத்தான். அந்தச் சரிவில் என்றைக்கு டவர் கிடைத்திருக்கிறது? தூக்கி எறியாத குறையாகப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். மூச்சு வாங்க நாணய்யாவும் பின்னால் வந்தார்.

"வயசானவங்கடா. மனசைத் தேத்திக்க."

"அவ்வா போயிருந்தா வெடி வெச்சது யாரு மாமா? தேச்சிக்குத் துப்பாக்கியைப் பார்த்தாலே நடுக்கம். வீட்டுல வேற யாரு இருக்கா?"

மூச்சு வாங்கிய நாணய்யா இப்போது அவனை முந்திக்கொண்டு ஓடினார். அது இன்னும் பயமாக இருந்தது.

புத்தரி அறுவடைப் பண்டிகை வருகிறதே என்று காலையில்தான் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தான். அதையும் தோட்டாக்களையும் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. அவ்வா மறக்கிறாள், மறக்கிறாள் என்று ஊரெல்லாம் புலம்பிவிட்டு, கடைசியில் மறந்தது இவன்!

நேற்றுச் சாயங்காலம் நடந்தது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. "யாருடி நீ? என் வீட்டுல என்ன திருட வந்தே?" என்று அவ்வா தேச்சியின் மேல் விறகுக்கட்டையை ஓங்கினாள். நல்லவேளை, கையில் இருந்தது விறகு. இன்றைக்கு? இளவயதில் பண்டிகைப் போட்டியில் தென்னை உச்சித் தேங்காயை ஒரே குண்டில் சிதறடித்தவள் அவள்.

காவேரியம்மா, கெட்டது எதையும் காட்டிவிடாதே என்று வேண்டிக்கொண்டே முற்றத்தில் காலை வைத்தான்.

அவ்வா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துப்பாக்கி. புடவை முன்புறமெல்லாம் ரத்தம், முழங்கை வரைக்கும் ரத்தம்.

"அவ்வா! தேச்சி எங்க?"

"தேச்சியா? அது யாருடா?"

 நாணய்யா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஓ, அந்தப் பொண்ணா? உள்ள படுத்திருக்கா" என்றாள் அவ்வா, சாவதானமாக. "ரொம்பக் கத்தினா. இப்போ சத்தமே இல்ல."

 மாச்சய்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போகக் கால் எழவில்லை.

உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. வீல் என்று, சின்னதாக, ஆனால் ரொம்பக் கோபமாக. தோட்டத்துக் கூலியாட்கள் லைன் வீட்டுக் கௌரி துணிச் சுருளோடு வெளியே வந்தாள்.

"என்னங்கய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பையன்! அடுத்த மாசம் வர வேண்டியவன், அவசரக்காரன். அக்கா கத்தின சத்தம் கேட்டு நான் ஓடி வரதுக்குள்ள அவ்வா புள்ளையைக் கையில வாங்கிட்டாங்க. கொடியை அறுத்ததும் அவங்கதான்."

"தேச்சி?"

"அசந்து தூங்குது. ஒரு குறையும் இல்ல."

மாச்சய்யா படியிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதான்.

அதற்குள் வாசலில் ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் வெள்ளை உடுத்தி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். நாணய்யாவுக்குப் பொறுக்கவில்லை.

"பையன் பொறந்தா ஒரு வெடிதானே அவ்வா? ரெண்டு எதுக்கு வெச்சீங்க? ஊரே எழவுக்குக் கிளம்பி வந்திருக்கு பாருங்க!"

அவ்வா துப்பாக்கியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி மகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல ஒண்ணு வெச்சேனா இல்லையான்னு மறந்துபோச்சுடா, மாச்சு."