சுபாஜினியின் பதில்

"இதையெல்லாம் நீதான் எழுதினியா, சுபாஜினி? உண்மையைச் சொல்லு."

பர்ஸானா டீச்சர் அவள் பெயரில் வந்திருந்த பதில்களைப் போனில் காட்டினார். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி பதுளையில் டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த அந்த மாணவி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பல பள்ளிக்கூடங்களில் ஏ.எல். என்னும் உயர்தரம் படிக்கும் நாற்பது பிள்ளைகளைச் சேர்த்து டீச்சர் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தார். மாலையில் ஒரு கேள்வி போடுவார். பிள்ளைகள் அதைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும். ஆனால் யாராவது ஒருவர் எழுதியதற்குக் கீழே மற்றவர்கள் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முகம் பார்த்துப் பேசினால்தான் விவாதம், போனில் நடப்பதெல்லாம் ஒப்புக்கு என்று டீச்சருக்கு வெறுத்தே போயிருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவள் சுபாஜினி. அவள் பதில் எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். வந்தால் டீச்சர் கையிலிருக்கும் தேநீரை ஆறவிட்டுப் படிப்பார். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரக்கறி போட்டால் தோட்டத்து மக்களுக்கு நல்லதா என்று ஒருமுறை கேட்டிருந்தார். வெலிமடை உருளைக்கிழங்கைக் காட்டி, நல்லதுதான் என்று தொடங்கினாள். மழைக்கு மண் கரைந்து போகுமே என்று தன்னையே மறுத்தாள். அதெல்லாம் இருக்கட்டும், காணி யாருடையது என்று முடித்திருந்தாள். இந்த வயதில் இப்படித் தனக்குத்தானே வாதாடும் பிள்ளையை டீச்சர் கண்டதில்லை.

கொழும்பில் நடக்கவிருந்த மாணவர் விவாதத்துக்கு அவளையே அனுப்ப நினைத்து, சனிக்கிழமை நேரில் வரச் சொன்னார். வந்தவளோ கேட்ட கேள்விக்கு இரண்டு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அதையே மறுத்துப் பேசச் சொன்னபோது வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"எழுதினது நான்தாங்க டீச்சர்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா யோசிச்சது நான் மட்டும் இல்ல."

எந்த டியூஷன் மாஸ்டரோ சொன்னதைத்தான் இத்தனை நாளும் வியந்துகொண்டிருந்தோமா? கொழும்புக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"அந்த ஆளை நான் பார்க்கணும்."

"கேட்டுல நிக்கிறாங்க டீச்சர். நீங்க வரச் சொன்னது என்னைய மட்டும்தானேன்னு வாட்ச்சர் உள்ள விடல."

டீச்சர் சன்னலோரம் போய் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சீருடையில் பதினொரு பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே வட்டமாக நின்று, எதையோ பற்றி மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க தோட்டத்துல ஏ.எல். படிக்கிற பன்னெண்டு பேருக்கும் ஒரு போன்தாங்க டீச்சர். நீங்க கேள்வி போட்டா எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து ஒருநாள் முழுக்கப் பேசுவோம், முடிவா வர்றத நான் என் பேர்ல போடுவேன்."