உள்ளங்கையில் பம்பரம்

ஐம்பத்தொரு வயதில் மங்களேஸ்வரிக்குப் பம்பரப் பைத்தியம் பிடித்தது. அலுவலகம் விட்டு வந்ததும் கூடத்தில் சாட்டையைச் சுற்றிப் பம்பரம் விடுவாள். மனைவி இறந்தபின் யாரோடும் பேசாதிருந்த கீழ்வீட்டு இஸ்ரவேல் ஒரு மாலை வாசலில் வந்து நின்றார்.

"டொக்கு டொக்குன்னு என்னம்மா சத்தம்? கீழ மனுசன் இருக்கறதா வேணாமா?"

அவள் சுழன்றுகொண்டிருந்த பம்பரத்தை விரலிடுக்கில் வாரி எடுத்து, "கையை நீட்டுங்க சார்" என்றாள். என்ன நினைத்தாரோ, நீட்டினார். உள்ளங்கையில் பம்பரம் ஆடாமல் நின்று சுழன்றது.

"தூங்குது. அசைக்காதீங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எவ்வளவு நேரம் தூங்கும்?"

"நீங்க அசையாம இருந்தா, கொஞ்ச நேரம்."

மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தார். பம்பரம் தள்ளாடிச் சரிந்து தரையில் உருண்டது. கையை மட்டும் அவர் மடக்கவில்லை. மங்களேஸ்வரி குனிந்து பம்பரத்தை எடுத்து, மறுபடி சாட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.