மேடையை இடித்தவள்

"யாருட்ட கேட்டு மேடைய இடிச்சிய மைனி?"

குளக்கரையில் நின்று சிவபிரசாத் கத்தினான். அவன் ஊர் இளைஞர் மன்றத்தின் செயலாளர். பின்னால் மன்றத்துப் பையன்கள் திரண்டு நின்றார்கள்.

தன்யா கடப்பாரையைக் கீழே போட்டாள். உள்ளங்கைகள் கொப்புளித்துச் சிவந்திருந்தன. குளத்தில் குதிப்பதற்காகக் கட்டிய செங்கல் மேடையை, பையன்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்த் திரும்புவதற்குள், தனியாளாக இடித்துக் கரையில் குவித்திருந்தாள்.

"யாருட்டயும் கேக்கல்ல. குளத்துல சாடாதீங்கன்னு சொன்னேன், சிரிச்சிய. போர்டு வச்சேன், அதப் புடுங்கி கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பா நட்டிய. இனி யாருட்ட கேக்க?"

"ஞாயித்துக்கிழம போட்டி. சுத்து ஊரு பயலுவ எல்லாம் வாறானுவ. அவனுவ எங்க போயிச் சாட?"

"எங்கயும் சாடாண்டாம். தண்ணி வத்தி இடுப்பளவுதான் கெடக்கு. அடியில முழுக்கக் கல்லு. தலகீழா விழுந்தா கழுத்து முறியும்."

"வருசா வருசம் சாடுகோம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல்ல."

"ஆகட்டும்னு காத்துக் கெடக்கியளா?"

ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் வார்டு மெம்பர் சொர்ணம்மாள். குவியலைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"ஏட்டி தன்யா, ஒனக்குப் புத்தி பிசகிட்டா? ஒனக்க மாப்பிளைக்க பேருல கட்டுன மேடையில்லா இது!"

உண்மைதான். தன்யாவின் கணவன் ஆனந்தகிருஷ்ணனைப்போலத் தலைகீழாகப் பாய அந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது. அவன் துபாய்க்கு வேலைக்குப் போன பிறகு, மன்றத்துப் பையன்கள் தாங்களே செங்கல் சுமந்து அந்த மேடையைக் கட்டி, நீல எழுத்தில் அவன் பெயரை எழுதி வைத்தார்கள். அந்தப் பெயர் இப்போது துண்டு துண்டாகக் கிடந்தது.

"அதனாலதான் இடிச்சேன். அவருக்க பேருல ஒருத்தனும் சாகாண்டாம்."

"நாளைக்கே திருப்பிக் கட்டுவோம்," என்றான் சிவபிரசாத்.

"கட்டு. கடப்பாரை இங்கதான் கெடக்கு."

"போலீசுல சொல்லுவோம்."

"சொல்லு. அங்கயும் வந்து இதத்தான் சொல்லுவேன்."

சொர்ணம்மாள் குரலைத் தணித்தார். "ஒரு வார்த்த மன்னிப்புக் கேளு மக்கா. இத்தோட விட்டிருவோம்."

"கேக்க மாட்டேன்."

சிவபிரசாத்தின் குரல் உடைந்தது. "அண்ணன் எங்கள எப்படி வச்சிருந்தாரு! கொஞ்ச நாளா ஒரு மெசேஜுக்கும் பதிலில்ல. நீங்கதான் தடுக்கியன்னு ஊருக்கே தெரியும். மேடை போன விசயம் தெரிஞ்சா அவருக்கு நெஞ்சு வெடிச்சிரும்."

தன்யா அவனை நேராகப் பார்த்தாள். தன் கைபேசியில் வீடியோ அழைப்பைப் போட்டு அவனிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

பையன்கள் நெருங்கி வந்தார்கள். திரையில் முதலில் தெரிந்தது ஒரு நர்சின் முகம். அவள் கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள். வெள்ளைத் தலையணையில், கழுத்தைச் சுற்றிய தடித்த பட்டையோடு ஆனந்தகிருஷ்ணன் அசையாமல் படுத்திருந்தான்.

"பிரசாதே, அவளத் திட்டாதடே. இடிக்கச் சொன்னது நான். ஒங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்து..." அவன் மூச்சு வாங்கினான். "இங்க நீச்சல்குளத்துல ஆழம் பாக்காம, நம்ம குளத்துல சாடுகது மாதிரியே தலகீழா சாடிட்டேன் மக்கா. கழுத்துக்குக் கீழ ஒரு அனக்கமும் இல்ல."