ஒரே கல்லின் மேல்

ஸ்பெயின் நாட்டு மத்ரித் நகரத்தின் கோடைத் திருவிழாவில் ஒரு நடனம் உண்டு. ஆண் ஒரே ஒரு தளக்கல்லின் மேல் கால்களைச் சேர்த்து வைத்து, நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். பெண் அவனைச் சுற்றி வருவாள். கல்லை விட்டுக் கால் இறங்கினால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். எவுசேபியோவுக்கு அது வந்ததே இல்லை. கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் பாதிச் சுற்றில் கால் இறங்கிவிடும். மனைவி காஸில்டா எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டுவாள். பிறகு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இந்த வருடம் அவளுக்கு முட்டிவலி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "சும்மா நிக்காதே, அவளோட போய் ஆடு" என்று கீழ்வீட்டு விதவை விர்தூதெஸை அவளேதான் கைகாட்டினாள். விர்தூதெஸ் பருத்த உடம்புக்காரி, நடந்தாலே மூச்சு வாங்கும். அவளால் என்ன வந்துவிடப்போகிறது?

பாட்டு தொடங்கியது. காஸில்டா அந்த விதவையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் இடுப்பில் இருந்த கணவனின் கையையும் பார்க்கவில்லை. அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கு, இறங்கு என்று உதடு முணுமுணுத்தது.

பாட்டு முடிந்ததும் எவுசேபியோ வியர்வை வழிய ஓடிவந்தான். "பாத்தியா காஸில்டா! ஒரு தடவைகூடக் கால் இறங்கல!"

"பாத்தேன்."

கைத்தடியை ஊன்றி எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய் அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றாள். அடுத்த பாட்டு தொடங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை.