ரெஜினா வாங்கிய வலி

பத்து வருடம் இரும்பு தூக்கித் தேய்ந்த வலது தோள் எப்படியும் உயிரை எடுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் குமுதவல்லி நூற்றுப்பத்து கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினாள். துளி வலி இல்லை. ஆகாயத்தையே ஏந்தி நிற்பதுபோல் இருந்தது.

அவள் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டை வலியை அனுப்பும். கறுப்புப் பட்டை ஒட்டியவர் வாங்கிக்கொள்வார். வாங்கச் சொல்லி யாரையும் கேட்க மனம் வராமல்தான் மேடையேறியிருந்தாள்.

இறங்கிப் பார்த்தால், அடுத்துத் தூக்கவேண்டிய போட்டியாளர் ரெஜினா, கழுத்தில் கறுப்புப் பட்டையோடு தோளைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள்.

“பைத்தியமாடி நீ? அடுத்தது நீதானே தூக்கணும்?”

“உன் தோளு படற பாட்ட நாலு வருஷமா பாக்குறேன்ல?” என்று கண்ணைத் துடைத்தாள் ரெஜினா.

குமுதவல்லி இருவர் பட்டைகளையும் பிய்த்து மாற்றி ஒட்டினாள்.

ரெஜினா மேடையேறினாள். கீழே குமுதவல்லி, சாமி வரக் காத்திருப்பவளைப் போல, வலிக்காகக் காத்து நின்றாள்.